இரு தொலைதூர நகரங்களுக்கு இடையே விமானத் தூரமும் பயண நேரமும்: கணக்கிடும் முறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் செல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், பன்னிரண்டரை மணி என்று ஒருவரும், பதின்மூன்று மணியைத் தாண்டும் என்று இன்னொருவரும், பயணச்சீட்டில் உள்ள புறப்பாட்டு நேரத்தையும் வருகை நேரத்தையும் மட்டும் பார்த்தவர் இருபத்தொரு மணி என்றும் சொல்லக்கூடும். முதலாமவர் சக்கரங்கள் ஓடுபாதையை விட்டு எழுந்தது முதல் மீண்டும் தரையைத் தொட்டது வரை எண்ணியிருக்கிறார். இரண்டாமவர் விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல், சேர்ந்த இடத்தில் நிற்கும் வரை எண்ணியிருக்கிறார். மூன்றாமவர் ஒரு நகரத்தின் கடிகாரத்திலிருந்து மற்றொரு நகரத்தின் கடிகாரத்தைக் கழித்துவிட்டார். தூரம், பறக்கும் நேரம், கடிகார நேரம் ஆகிய மூன்றும் வெவ்வேறு கணக்குகள் என்பதை மனத்தில் வைத்து, ஒன்றை முடித்த பிறகே அடுத்ததற்குச் செல்வதுதான் இந்த வழிகாட்டியின் முறை.

படி 1: எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு?

விமானம் நகரத்திலிருந்து நகரத்திற்குப் பறப்பதில்லை. விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்திற்குப் பறக்கிறது. வரைபடத்தில் டோக்கியோ என்று குறித்திருக்கும் புள்ளிக்கும் நரிட்டா விமான நிலையத்திற்கும் இடையே ஏறத்தாழ 60 கி.மீ. இடைவெளி உண்டு, ஹனேடா விமான நிலையமோ நகரத்தை ஒட்டியே இருக்கிறது. லண்டனுக்கு ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் எனப் பல நிலையங்கள் உள்ளன. பத்தாயிரம் கி.மீ. பயணத்தில் 60 கி.மீ. பெரிதல்ல என்பது உண்மைதான். ஆனால் தரையில் அந்த 60 கி.மீ. ஒரு மணி நேரத்திற்கு மேல் எடுத்துக்கொள்ளும் என்பதால், தொடக்கத்திலேயே நிலையத்தின் பெயரை உறுதி செய்துகொள்வது நல்லது.

அடுத்து, இரு நிலையங்களின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பாகை (டிகிரி), கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) என்று கொடுக்கப்பட்டிருந்தால் கலையை 60ஆல் வகுத்துப் பாகையுடன் கூட்டித் தசமமாக்கலாம்; 51 பாகை 28 கலை என்பது 51.47 ஆகும். வடக்கும் கிழக்கும் கூட்டல் குறி, தெற்கும் மேற்கும் கழித்தல் குறி. கையால் போடும் கணக்குகளில் விடை ஆயிரக்கணக்கான கி.மீ. தவறிப்போனால், பெரும்பாலும் இந்தக் குறி மாறியதுதான் காரணமாக இருக்கும்.

படி 2: பெருவட்டத் தூரம்

உருண்டையான பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதை, அந்த உருண்டையின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு பகுதியாகும். இதையே பெருவட்டப் பாதை என்கிறோம். தட்டையான சுவர் வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தால் இந்தப் பாதை கிடைக்காது. மெர்கேட்டர் 1569இல் வெளியிட்ட வரைபட முறை, திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துக் கப்பல் ஓட்டுவதற்கு ஏற்றது; தூரத்தை அளப்பதற்கு ஏற்றதல்ல. துருவத்தை நெருங்க நெருங்க அது எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும்.

மாட்ரிட், நியூயார்க் ஆகிய இரண்டு நகரங்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், வடக்கே நாற்பது பாகையைச் சற்றுத் தாண்டி அமைந்துள்ளன. அப்படியானால் நேர் மேற்காகப் பறந்தால் போதும் என்று தோன்றும். அந்த அட்சரேகையின் வழியே சென்றால் தூரம் ஏறத்தாழ 5,930 கி.மீ.; பெருவட்டப் பாதையில் சென்றால் ஏறத்தாழ 5,760 கி.மீ. குறுகிய பாதை நடு அட்லாண்டிக்கில் 46 பாகை வரை வடக்கே ஏறி இறங்குகிறது. வடக்கே செல்லச் செல்ல இந்த வேறுபாடு வெகுவாகக் கூடும். 60 பாகை அட்சரேகையில், உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும் இரு புள்ளிகளுக்கு இடையே அட்சரேகை வழியாக 10,000 கி.மீ. என்றால், வடதுருவத்தின் மேலாகச் சென்றால் ஏறத்தாழ 6,670 கி.மீ. மட்டுமே.

தூரத்தைக் கணக்கிடும் சூத்திரத்தைச் சொல்லால் இப்படி எழுதலாம்: இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கிக்கொள்ளவும், இரு அட்சரேகைகளின் கோசைன்களையும், தீர்க்கரேகை வேறுபாட்டின் கோசைனையும் சேர்த்துப் பெருக்கிக்கொள்ளவும், இரண்டு விடைகளையும் கூட்டவும். கூட்டிவரும் எண், பூமியின் மையத்தில் அமையும் கோணத்தின் கோசைன் ஆகும். அந்தக் கோணத்தைப் பாகையில் கண்டு 111.195ஆல் பெருக்கினால் கி.மீ. கிடைக்கும். பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்பதிலிருந்து வருவதுதான் இந்த 111.195.

ஹீத்ரோவின் இருப்பிடம் 51.47 வடக்கு, 0.45 மேற்கு. சிங்கப்பூரின் சாங்கி நிலையம் 1.36 வடக்கு, 103.99 கிழக்கு. ஒன்று மேற்கிலும் மற்றொன்று கிழக்கிலும் இருப்பதால் தீர்க்கரேகை வேறுபாடு 104.44 பாகை.

சைன்களின் பெருக்கல்: 0.7823 × 0.0237 = 0.0186
கோசைன்களின் பெருக்கல்: 0.6229 × 0.9997 × (−0.2494) = −0.1553
கூட்டல்: −0.1367
அந்தக் கோசைனுக்கு உரிய கோணம்: 97.86 பாகை
தூரம்: 97.86 × 111.195 = ஏறத்தாழ 10,880 கி.மீ.

பூமி சரியான உருண்டை அல்ல. நடுக்கோட்டில் ஆரம் ஏறத்தாழ 6,378 கி.மீ., துருவத்தில் ஏறத்தாழ 6,357 கி.மீ. இதையும் கணக்கில் கொள்ளும் வின்சென்டி சூத்திரம் 1975இல் வெளியானது. இணையத்தில் உள்ள தூரக் கணிப்பான்கள் பலவற்றில் அதுவோ, அதைவிட மேம்பட்ட வடிவமோ இயங்குகிறது. உருண்டை என்று எடுத்துக்கொள்வதால் வரும் பிழை அரை சதவீதத்தைத் தாண்டுவது அரிது. பயணம் திட்டமிடுபவருக்கு அது பொருட்டே அல்ல. காற்று உண்டாக்கும் வேறுபாடு இதைவிடப் பல மடங்கு பெரியது.

விமானத் துறையில் தூரத்தைக் கடல் மைலிலும் வேகத்தை நாட் (knot) என்ற அலகிலும் சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். மேலே கிடைத்த கோணத்தை 60ஆல் பெருக்கினாலே கடல் மைல் கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். சாதாரண மைல் என்பது 1.609 கி.மீ. என்பதால், வெறும் மைல் என்று எழுதியிருந்தால் எந்த மைல் என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

ஒரு சரிபார்ப்பு: பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. என்பதால், எந்த இரு இடங்களுக்கு இடையிலும் மிகக் குறுகிய தூரம் 20,000 கி.மீ. அளவைத் தாண்டாது. அதற்கு மேல் விடை வந்தால் கணக்கில் பிழை இருக்கிறது.

படி 3: விமானம் உண்மையில் செல்லும் பாதை

பெருவட்டத் தூரம் ஒரு கீழ் எல்லை மட்டுமே; அதைவிடக் குறைவாக எந்த விமானமும் பறக்க முடியாது, பெரும்பாலானவை அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே பறக்கும். புறப்பட்ட ஓடுபாதையின் திசையிலிருந்து திரும்புவது, வகுக்கப்பட்ட வான்வழிகளைப் பின்பற்றுவது, இடிமேகங்களைச் சுற்றிச் செல்வது, இறங்கும் முன் வரிசையில் காத்திருப்பது என்று காரணங்கள் பல. தடையற்ற வழித்தடமாக இருந்தால் 3 முதல் 5 சதவீதம் வரை கூட்டிக்கொள்ளலாம். லண்டன்–சிங்கப்பூர் தூரத்துடன் 4 சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 11,300 கி.மீ. ஆகிறது.

சில வழித்தடங்களில் இந்தச் சதவீதக் கணக்கு முற்றிலும் பொய்த்துப்போகும். லண்டனுக்கும் டோக்கியோவுக்கும் இடையே பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 9,600 கி.மீ.; சைபீரியாவின் மேலாகப் பறந்த காலத்தில் ஏறத்தாழ 12 மணி நேரத்தில் முடிந்த பயணம் அது. 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டு, ஜப்பானிய நிறுவனங்களும் அதைத் தவிர்க்கத் தொடங்கிய பின், சில விமானங்கள் அலாஸ்கா, கிரீன்லாந்து வழியாகவும் சில மத்திய ஆசியா வழியாகவும் சுற்றிச் செல்வதால், பயணம் ஏறத்தாழ 14 மணி நேரமாக நீண்டது. ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணியிலிருந்து ஏறத்தாழ 13 மணியாக நீண்டதும் இதே காரணத்தால்தான். அதே வேளையில் சீன நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளியைத் தொடர்ந்து பயன்படுத்துவதால், ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையே ஒரே இரு நகரங்களுக்குக்கூட நிறுவனத்திற்கு நிறுவனம் பயண நேரம் மாறுகிறது. எனவே வழியில் எந்த நாடுகளின் வான்வெளி குறுக்கிடுகிறது, அங்கே மூடல் எதுவும் நடப்பில் உள்ளதா என்று பார்க்காமல் கணிக்கப்படும் நேரத்தை நான் நம்பமாட்டேன்.

நிலப்பரப்பும் பாதையை மாற்றும். திபெத்தியப் பீடபூமியின் சராசரி உயரம் 4,500 மீட்டருக்கு மேல். விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் பயணிகள் ஆக்சிஜன் முகமூடியின்றி மூச்சுவிடக்கூடிய 10,000 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 3,000 மீட்டருக்கு இறங்க வேண்டும். கீழே தரையே அதைவிட உயரத்தில் இருக்கும்போது அது இயலாது. ஆகவே அந்தப் பகுதியைப் பெரும்பாலான விமானங்கள் சுற்றியே செல்கின்றன. பெருங்கடல்களின் மேல் வேறொரு விதி உண்டு: இரண்டு இயந்திரங்கள் கொண்ட விமானம், ஓர் இயந்திரம் நின்றுபோனாலும் குறிப்பிட்ட நேரத்திற்குள் ஏதாவது ஒரு நிலையத்தை அடையக்கூடிய பாதையில்தான் பறக்க வேண்டும். அந்த நேரம் விமான வகையைப் பொறுத்தது. ஏர்பஸ் ஏ350க்கு 370 நிமிடம் வரை அனுமதி இருப்பதால், இந்த விதி இன்று முன்போல் பெரிய சுற்றுகளை உண்டாக்குவதில்லை.

படி 4: தூரத்தை நேரமாக மாற்றுதல்

நீண்டதூர விமானங்கள் தங்கள் வேகத்தை ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டு, மாக் எண்ணாகக் கடைப்பிடிக்கின்றன. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்றவை மாக் 0.85 அளவிலும், போயிங் 737, ஏர்பஸ் ஏ320 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள் மாக் 0.78 அளவிலும் பறக்கின்றன. 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை பொதுவாக −56.5 செல்சியஸ் அளவில் இருப்பதால், அங்கே ஒலியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,062 கி.மீ. ஆகக் குறைந்திருக்கும். ஆகவே பெரிய விமானத்திற்கு மணிக்கு 900 கி.மீ., சிறிய விமானத்திற்கு 830 கி.மீ. என்று எடுத்துக்கொள்ளலாம். மாக் 2 வேகத்தில் பறந்து லண்டனிலிருந்து நியூயார்க்கை ஏறத்தாழ மூன்றரை மணியில் எட்டிய கான்கார்ட் 2003இல் ஓய்வு பெற்றுவிட்டது.

தூரத்தை இந்த வேகத்தால் வகுத்து, மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதற்காகவும், தரையில் ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதற்காகவும் 35 முதல் 40 நிமிடம் வரை சேர்க்க வேண்டும். 11,300 கி.மீ. தூரத்தை 900ஆல் வகுத்தால் 12 மணி 33 நிமிடம். அதனுடன் 40 நிமிடம் சேர்த்தால் 13 மணி 13 நிமிடம். நின்ற இடத்திலிருந்து நிற்கும் இடம் வரையிலான இந்த நேரத்தை விமானத் துறையில் பிளாக் டைம் என்கிறார்கள். பயணச்சீட்டில் இருப்பது இதுதான்.

நிறுவனங்கள் இதற்கு மேலும் சில நிமிடங்களைக் கூட்டியே அட்டவணை போடுகின்றன. நெரிசலான நிலையங்களில் காத்திருக்க நேரும் என்பது ஒரு காரணம். சரியான நேரத்திற்கு வந்து சேர்ந்ததாகக் கணக்குக் காட்டலாம் என்பது இன்னொன்று. அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் சொன்ன நேரத்திற்கே போய்ச் சேர்வதில் விமானியின் சாமர்த்தியத்தைவிட இந்தக் கூடுதல் நிமிடங்களின் பங்கே அதிகம்.

படி 5: காற்று

ஒரே பாதையில் போகும் நேரமும் வரும் நேரமும் மாறுபடுவதற்கு முதன்மைக் காரணம் ஜெட் காற்றோட்டம். நடு அட்சரேகைப் பகுதிகளில் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வளைந்து நெளிந்து ஓடும் இந்தக் காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ. வேகத்தையும் எளிதாகத் தாண்டும். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால்தான் மேற்கே செல்லும் பயணம் விரைவில் முடிய வேண்டும் என்று சிலர் வாதிடுவதுண்டு. காற்றும் விமானமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அந்த வாதம் நிற்காது. நடைமுறையில் கிழக்கு நோக்கிய பயணமே விரைவானது.

இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் தரைவேகம் என்று காட்டப்படும் எண்ணைக் கவனித்தால் இது கண்ணெதிரே புலப்படும். விமானம் காற்றைக் கிழித்துச் செல்லும் வேகம் மாறாமல் 900ஆகவே இருக்க, பின்காற்று கிடைத்தால் திரையில் 1,050 என்றும், எதிர்காற்று இருந்தால் 780 என்றும் காட்டக்கூடும். 2020 பிப்ரவரியில், கியாரா புயலின்போது, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பறந்த போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அதே தூரத்தை எதிர்த்திசையில் கடக்க வழக்கமாக ஏழரை முதல் எட்டு மணி வரை ஆகும்.

போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடலாம் என்று நினைப்பதும் சரியல்ல. 5,500 கி.மீ. தூரத்தைக் காற்றே இல்லாமல் 900 வேகத்தில் சென்று திரும்பினால் 12 மணி 13 நிமிடம். மணிக்கு 100 கி.மீ. காற்று வீசினால் ஒரு வழி 5 மணி 30 நிமிடம், மறு வழி 6 மணி 52 நிமிடம்; மொத்தம் 12 மணி 22 நிமிடம். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் சிக்கியிருப்பதால், இரு வழியும் சேர்த்துப் பார்த்தால் காற்றால் எப்போதும் இழப்புதான்.

ஆகவேதான் திட்டமிடுபவர்கள் குறுகிய தூரத்தைத் தேடுவதில்லை, குறுகிய நேரத்தையே தேடுகிறார்கள். வட அட்லாண்டிக்கின் மேல் காற்றின் முன்கணிப்பைப் பார்த்து நாள்தோறும் புதிதாக வழித்தடங்கள் வகுக்கப்படுகின்றன. இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு சிங்கப்பூர்–நியூயார்க் பயணம். பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 15,350 கி.மீ.; அந்தப் பாதை வடதுருவத்தை ஒட்டிச் செல்கிறது. ஆனால் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் பசிபிக்கின் மேலாகக் கிழக்கு நோக்கிப் பறக்கிறது. நியூயார்க்கிலிருந்து திரும்பும்போதோ பல நாள்களில் அட்லாண்டிக்கைக் கடந்து, அப்போதும் கிழக்கு நோக்கியே வருகிறது. தூரம் ஆயிரம் கி.மீ. கூடினாலும் பின்காற்று அதை ஈடுகட்டிவிடும்.

நம் கணக்குக்கு இவ்வளவு நுட்பம் தேவையில்லை. கிழக்கு–மேற்காக நடு அட்சரேகையில் நீளும் பாதை என்றால் 60 முதல் 100 கி.மீ. வரையும், சாய்வாகச் செல்லும் பாதை என்றால் ஏறத்தாழ 30 கி.மீ. அளவிலும் வேகத்தில் கூட்டிக் கழிக்கலாம். நேர் வடக்கு–தெற்குப் பாதைக்கு விட்டுவிடலாம். லண்டன்–சிங்கப்பூருக்கு 30 என்று எடுத்தால் போகும்போது 12 மணி 50 நிமிடமும் திரும்பும்போது 13 மணி 40 நிமிடமும் வருகின்றன.

படி 6: கடிகாரம்

நேர வேறுபாட்டை நகரத்திலிருந்து நகரத்திற்கு நேரடியாகக் கூட்டிக் கழிக்காமல், எப்போதும் உலகப் பொதுநேரத்தின் வழியாகச் செல்வதே பிழையற்ற முறை. புறப்படும் நேரத்தை உலகப் பொதுநேரத்திற்கு மாற்றவும், பயண நேரத்தைக் கூட்டவும், வரும் விடையைச் சேருமிட நேரத்திற்கு மாற்றவும்.

குளிர்காலத்தில் லண்டன் நேரமும் உலகப் பொதுநேரமும் ஒன்றே. சிங்கப்பூர் 8 மணி முன்னால் உள்ளது. லண்டனில் இரவு 10 மணிக்குக் கிளம்பி 13 மணி 10 நிமிடம் பறந்தால், பொதுநேரப்படி மறுநாள் முற்பகல் 11.10, சிங்கப்பூரில் இரவு 7.10. கடிகாரங்களைக் கழித்தால் 21 மணி 10 நிமிடம். திரும்பும்போது சிங்கப்பூரில் இரவு 11.30க்குக் கிளம்பி 14 மணி நேரம் பறந்தால் லண்டனில் விடியற்காலை 5.30; கடிகாரக் கணக்கில் வெறும் 6 மணி நேரம். இந்த இரண்டையும் கூட்டினால் நேர வேறுபாடு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்: 27 மணி 10 நிமிடம், பாதியாக்கினால் 13 மணி 35 நிமிடம். நேர மண்டலமே தெரியாமல், போகவும் வரவும் உள்ள அட்டவணையை மட்டும் வைத்துச் சராசரிப் பயண நேரத்தை இப்படிக் கண்டுபிடித்துவிடலாம். அட்டவணைகளைச் சரிபார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கோடைகால நேர மாற்றம்தான் பலரைத் தடுமாற வைப்பது. லண்டன் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் நகர்த்தும், சிங்கப்பூர் நகர்த்தாது. வட அரைக்கோளமும் தென் அரைக்கோளமும் எதிரெதிர்க் காலங்களில் மாற்றுவதால், லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே வேறுபாடு ஆண்டின் ஒரு பகுதியில் 9 மணி, ஒரு பகுதியில் 11 மணி, இடையில் சில வாரங்கள் 10 மணி. அமெரிக்காவும் ஐரோப்பாவும் வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றுவதால் லண்டன்–நியூயார்க் வேறுபாடும் சில வாரங்களுக்கு 5 மணியிலிருந்து 4 மணியாகிறது. இந்தியா ஐந்தரை மணி, நேபாளம் ஐந்தே முக்கால் மணி என்று முழு மணியில் அடங்காத நேரங்களும் உண்டு.

பசிபிக்கைக் கடக்கும்போது தேதிக் கோடும் சேர்ந்துகொள்ளும். ஜூலை மாதத்தில் ஆக்லாந்து பொதுநேரத்திற்கு 12 மணி முன்னால், லாஸ் ஏஞ்சலஸ் 7 மணி பின்னால். சனிக்கிழமை இரவு 8 மணிக்கு ஆக்லாந்தில் கிளம்பினால் பொதுநேரப்படி சனி காலை 8. 12 மணி நேரப் பயணத்திற்குப் பின் பொதுநேரம் சனி இரவு 8. லாஸ் ஏஞ்சலஸில் அதே சனிக்கிழமை பிற்பகல் 1 மணி. கிளம்பிய நேரத்திற்கு ஏழு மணி நேரம் முன்னதாகவே சேர்ந்துவிடுகிறோம்! திரும்பும் வழியில் ஒரு நாள் காணாமற்போகும் என்பதால், அங்கே விடுதியில் அறை பதிவு செய்யும்போது சேரும் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 7: இடையில் மாறிச் செல்லும் பயணம்

இடைநில்லா விமானம் இல்லாதபோது, மாறும் ஊர் பெருவட்டப் பாதைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே நேர்த்தூரம் ஏறத்தாழ 17,000 கி.மீ. சிங்கப்பூர் வழியாகச் சென்றால் ஏறத்தாழ 17,200 கி.மீ., துபாய் வழியாக ஏறத்தாழ 17,550 கி.மீ., லாஸ் ஏஞ்சலஸ் வழியாகவோ ஏறத்தாழ 20,800 கி.மீ. முதல் இரண்டுக்கும் இடையே பறக்கும் நேரத்தில் அரை மணிகூட வேறுபாடு வராது. மூன்றாவது நான்கு மணி நேரத்திற்கு மேல் கூட்டிவிடும். ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் படி 4இல் சொன்ன 40 நிமிடத்தை மறுபடியும் சேர்க்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

நேரடி விமானம் என்று விளம்பரப்படுத்தப்படுவது இடையில் நிற்காது என்பதற்கு உறுதியல்ல. ஒரே விமான எண்ணில் வழியில் ஓர் ஊரில் இறங்கி ஏறினாலும் அதை நேரடி என்றே குறிப்பிடுவார்கள். பயண விவரத்தில் நிறுத்தங்கள் என்ற இடத்தில் சுழியம் இருக்கிறதா என்று பார்ப்பதே உறுதியான வழி.

இணைப்பு விமானத்திற்கான இடைவெளியைப் பொறுத்தவரை, ஒவ்வொரு நிலையத்திற்கும் குறைந்தபட்ச மாறும் நேரம் என்று ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. ஒரே பயணச்சீட்டில் விற்கப்படும் இணைப்புகள் அதை மீறுவதில்லை. இருந்தாலும் அது எல்லாம் ஒழுங்காக நடந்தால் போதுமான நேரம் மட்டுமே. குடிவரவுச் சோதனையோ முனைய மாற்றமோ இருந்தால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்வது என் பரிந்துரை. தனித்தனிச் சீட்டுகளாக வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறிப்போனாலும் அடுத்த விமானத்தில் இடம் தர வேண்டிய பொறுப்பு பொதுவாக யாருக்கும் இல்லை. பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். அத்தகைய பயணத்திற்கு ஐந்து மணி நேரத்திற்குக் குறையாத இடைவெளி தேவை. அந்த நாளின் கடைசி விமானம் என்றால், முந்தைய நாளே அந்த ஊருக்குப் போய்த் தங்கிவிடலாம்.